காதர்பேட்டையில் வாங்கிய 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்

'ழ' எழுத்தை வைத்து வரைந்த என் புது டிசைனுக்கு வெற்று டி-ஷர்ட் தேடித் திருப்பூர் போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை ஆயத்த ஆடைச் சந்தை. சந்துக்குள் இருந்த ஒரு சின்னக் கடையில் அண்ணன், "முதல்ல தொட்டுப் பாரும்மா, அப்புறம் விலை பேசலாம்" என்று 160, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இரண்டையும் கையில் கொடுத்தார். 180-தான் மனதுக்குப் பிடித்தது. வெள்ளை நிறத்தில்கூட உடம்பு தெரியவில்லை. பயோவாஷ் (நொதி கொண்டு துணியின் பிசிறை நீக்கும் சலவை) செய்த காட்டன் என்பதால் பிசிறே இல்லை. ழகரத்தின் மெல்லிய வால்கூட ஸ்கிரீன் பிரிண்டில் அவ்வளவு சுத்தமாக விழுந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஐந்து முறை துவைத்தும் கழுத்துப்பட்டி தளரவில்லை. கறுப்பில் மட்டும் இரண்டு கட்டுகளின் நிறம் ஒத்துப்போகவில்லை. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். கறுப்பு வாங்குகிறவர்கள் கடை வாசலில், வெயிலில் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.