ஸேப்பியர், ஆப்ஸ் ஸ்கிரிப்ட், என்8என்: ஸ்கிரிப்டைத் திருத்த எது வசதி?

ஒரு ஆப்பில் நடப்பதை வைத்து இன்னொன்றில் வேலையைத் தானாகச் செய்யும் ஆட்டோமேஷன் கருவி வாங்கப் போகிறவர்கள் எத்தனை ஆப்களோடு இணையும், மாதம் எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஸேப்பியர், கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், என்8என் மூன்றுமே நடுவில் நாலு வரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுத இடம் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும். ஆனால் சில மாதம் கழித்து அதே ஸ்கிரிப்டைத் திருத்த உட்காரும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும். நான் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஸேப்பியரில் முந்தைய ஸ்டெப்பிலிருந்து வேண்டிய விவரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து ஸ்கிரிப்டுக்குள் அனுப்ப வேண்டும். எல்லாமே ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாக, வந்து சேரும். பொருளின் விலை 250, டெலிவரிக்கு 40. எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 290 வராது, 25040 வரும். ஆர்டரில் பல பொருள்கள் இருந்தால் அவை காற்புள்ளி போட்ட ஒரே வரியாக வரும். 'அரிசி, 5 கிலோ' என்று ஒரு பொருளுக்குப் பெயர் இருந்தால், பிரிக்கும்போது அது இரண்டு பொருளாகிவிடும். வெளி லைப்ரரி (பிறர் எழுதிவைத்த தயார் நிரல்) எதையும் நிறுவ முடியாது. ஒரு நல்ல விஷயம், நீங்கள் திருத்துவது டிராஃப்டில்தான். பப்ளிஷ் செய்யும்வரை பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் அப்படி இல்லை. டிரிக்கர்கள் (ஸ்கிரிப்டைத் தானாக ஓடவைப்பவை) வழக்கமாகக் கடைசியாகச் சேமித்த ஸ்கிரிப்டையே எடுத்து ஓட்டும். பாதி திருத்தியதைச் சேமித்தால் அடுத்து வருகிற கூகுள் ஃபார்ம் பதில் அதில்தான் மாட்டும். ஃபார்ம் பதிலைக் கையாளும் ஃபங்ஷனை எடிட்டரில் நேரடியாக ரன் செய்தாலும் எரர்தான், ஏனென்றால் அப்போது பதிலே உள்ளே வராது. போலிப் பதில் ஒன்றைக் கொடுத்துக் கூப்பிடும் சின்ன டெஸ்ட் ஃபங்ஷனை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். ஒரு ரன்னுக்கு 6 நிமிட வரம்பும் உண்டு. இருந்தாலும் பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய இடம்) வைத்து வரிவரியாகப் பார்க்கலாம், கிளாஸ்ப் என்ற கூகுள் கருவி மூலம் ஃபைல்களை நம் கணினிக்கு இறக்கி, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் வைக்கலாம். ஷீட்டையும் ஜிமெயிலையும் தாண்டாத வேலை என்றால் வேறு கருவியே வேண்டாம்.

பல சேவைகளை இணைக்கும் வேலைக்கு நான் என்8என் பக்கம்தான். முக்கியக் காரணம்: ஒரு நோடின் (ஸ்டெப்பின்) டேட்டாவைப் பின் செய்து, அதாவது அப்படியே பிடித்து, வைக்கும் வசதி. ஒருமுறை வந்த ஆர்டரைப் பின் செய்துவிட்டால், அதைத் தந்த சேவையின் ஏபிஐயை (ஆப்கள் பேசிக்கொள்ளும் வழி) மறுபடி தொடாமல் அதே டேட்டாவை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி ஓட்டிப் பார்க்கலாம். நிஜ ஓட்டத்தை அது பாதிக்காது. டேட்டாவும் தன் அமைப்பு கலையாமல் வரும், எண் எண்ணாகவே இருக்கும். சொந்த சர்வரில் வைத்தால் வேண்டிய என்பிஎம் பேக்கேஜ்களையும் (ஜாவாஸ்கிரிப்டின் வெளி லைப்ரரிகள்) அனுமதிக்கலாம்.

ஒரு குறை உண்டு. வொர்க்ஃப்ளோவை (நோடுகளின் முழுத் தொடரை) ஜேசன் என்ற எழுத்து வடிவ ஃபைலாக இறக்கும்போது முழு ஸ்கிரிப்டும் ஒரே நீள வரியாகிவிடும். ஓர் எழுத்தை மாற்றினாலும் கிட் அந்த வரி முழுவதையும் மாறியதாகக் காட்டும். அதனால் ஒரு திரைக்கு மேல் நீளும் ஸ்கிரிப்டைத் தனிச் சேவையாக வெளியே வைத்து, இணைய முகவரியை அழைக்கும் எச்டிடிபி நோடால் கூப்பிட்டுக்கொள்வது நல்லது.