படம் பார்த்து மார்ஃப் சொல்லும் செயலிகள்: எதுவரை நம்பலாம்?

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியின் படத்தை ஏற்றினால் அதன் மார்ஃப் (மரபுவழி நிற வகை) பெயர் சொல்லும் செயலிகள் சூப்பர் ஸ்நோ வகைக்குப் போதும்: முழுக் கறுப்புக் கண், வெளிறிய உடலில் கரும்புள்ளிகள். சிக்கல் கருநிறமி குறைந்த ஆல்பினோவில்தான். ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்ற மூன்று ஆல்பினோ வகைகளும் வெவ்வேறு மரபணு வழிகள். நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது. செயலியோ கூசாமல் ஒரு பெயரைச் சொல்லிவிடும்! அதை நம்பி ட்ரெம்பரையும் பெல்லையும் இணைசேர்த்தால் குஞ்சுகள் பொதுவாக ஆல்பினோவாக வராது; இரண்டு மரபணுவையும் மறைவாகச் சுமக்கும். பெற்றோர் விவரம் கேட்காத செயலிக்குக் காசு தண்டம்.

குஞ்சுப் பட்டைகள் வளர வளரப் புள்ளிகளாக உடையும். முட்டை பொரித்த வெப்பமும் நிறத்தை மாற்றும். எனவே வளர்ந்த பல்லியைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், மேலிருந்து ஒன்று, கண்ணருகே ஒன்று எடுங்கள். தோல் உரியுமுன் வெளுத்திருக்கும் நாளில் வேண்டாம்.