அவோமினா, சுக்கா, நடு பெஞ்சா? ராட்டினத்தில் வயிறு புரட்டாமல் இருக்க எது கைகொடுக்கும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை பரவையில் உள்ள அதிசயம் பூங்காவுக்கு வேனில் கிளம்பினால், சில பிள்ளைகளுக்குப் பாதி வழியிலேயே முகம் வெளுத்துவிடும். அங்கே போய் ராட்டினத்தில் ஏறும்போது வயிறு ஏற்கெனவே பாதி புரண்டிருக்கும். முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா நேரத்தில் பக்கத்துத் திடலில் போடும் கொலம்பஸ், பிரேக் டான்ஸ் ராட்டினங்கள் என்றால் அந்தத் தொல்லை இல்லை, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே ஏற்பாடு சரிப்படாது.

முதலில் மாத்திரை. மெடிக்கலில் போய் "அண்ணே, வாந்தி மாத்திரை குடுங்க" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஓண்டான்செட்ரானோ டோம்பெரிடோனோதான் கையில் வரும். வயிற்றுக் கோளாறால் வரும் வாந்திக்கு அவை நல்ல மருந்துகள். ராட்டினக் குமட்டலுக்கு அவற்றை நம்ப முடியாது. கண் ஒன்றைச் சொல்ல, உள்காதின் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்ல, மூளை தடுமாறுவதால் வருவது இது. அந்த வழியைத் தணிப்பவை தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகள்தான். பஸ்கோபானும் இதற்கு ஆகாது, அது வயிற்றுப் பிடிப்புக்கான மருந்து. "பயணத்துக்கு, ராட்டினத்துக்கு" என்று காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் கிடைப்பது மூன்று. அவோமின் 25 மி.கி. (புரோமெத்தசின்) ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டியது. பெரியவர்களுக்கும் 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரு மாத்திரை, 5 முதல் 9 வயதுக்கு அரை. 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. இடைப்பட்ட வயதுக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மூன்றிலும் நெடுநேரம் தாங்குவது இதுதான், தூக்கமும் இதில்தான் அதிகம். ஸ்டூஜெரான் (சின்னரிசின்) இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும், தூக்கம் கொஞ்சம் குறைவு. பார்க்கின்சன் நோய் உள்ள பெரியவர்கள் அதைத் தொடக்கூடாது. டைமென்ஹைட்ரினேட் 50 மி.கி. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும்.

மதுரைப் பயணத்துக்கு எங்கள் தேர்வு அவோமின். வேன் கிளம்பும் முன்பே போட்டுவிட்டால் சாலைக்கும் ராட்டினத்துக்கும் அதுவே போதும், திரும்பி வரும்போது தூங்கினாலும் பாதகமில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவர் இந்த மூன்றில் எதையும் போடக்கூடாது. மாத்திரை போட்ட நாளில் மதுவும் ஆகாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்ட பிறகே போட வேண்டும். வாய் உலரும், வியர்வையும் குறையும். சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை, தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

அப்பத்தா போட்டுத் தரும் சுக்கு மல்லிக் காபி? ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. முயன்று பார்ப்பதில் தவறில்லை, அளவுதான் முக்கியம். ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் ஒரு கிராம் சுக்குப்பொடி, சுமார் அரை டீஸ்பூன். காபியில் ஒரு சிட்டிகை போட்டால் மணம்தான் மிஞ்சும். இஞ்சி மரப்பாவில் இஞ்சியை விடச் சர்க்கரையே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் சுக்கை அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். எலுமிச்சம்பழம் முகர்வது வேனுக்குள் டீசல் நாற்றத்தை மறைக்கும், அந்த அளவுக்கு நல்லது. குமட்டலைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் மணிக்கட்டுப் பட்டைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இனி உட்காரும் இடம். காசே செலவில்லாத இந்த வழியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கொலம்பஸ் கப்பல் மெதுவாக ஆடுவதால் பயமில்லை என்று நினைப்போம். ஆனால் ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற மெதுவான ஆட்டம்தான் மனித உடலை மிக அதிகமாகக் குமட்ட வைப்பது, கடலில் போகிறவர்களுக்கு வருவதும் அதே ஆட்டத்தால்தான். கப்பலின் இரண்டு முனைகளும் உயரத்துக்குப் போய் வரும், நடு பெஞ்ச் மிகக் குறைவாகவே ஏறி இறங்கும். முனையில் உட்கார்ந்து தவிப்பவருக்கு நடுவில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம்.

பிரேக் டான்ஸில் இடத்தை விடத் தலைதான் முக்கியம். மேடையும் சுற்றும், பெட்டியும் சுற்றும். அந்த நேரத்தில் தலையைச் சாய்த்தால் உள்காதின் குழாய்கள் ஒன்றுக்கொன்று முரணான செய்தியை அனுப்பும். செருப்பு கழன்று விழுந்தாலும் குனியாதீர்கள், பக்கத்தில் கத்துகிற தம்பியைத் திரும்பியும் பார்க்காதீர்கள். பின்மண்டையைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்து, எதிரே உள்ள கம்பியில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சுழலும் கோப்பை ராட்டினத்தில் நடுத்தட்டைப் பிடித்துத் திருப்பாமல் விட்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

கண்ணை மூடுவதா, திறப்பதா? 5டி தியேட்டரில் மூடுங்கள். அங்கே உடம்பு அதிகம் நகர்வதில்லை, ஏமாற்றுவது திரைதான். ஜெயன்ட் வீலில் திறந்து, தூரத்துக் கோபுரத்தையோ மரத்தையோ பாருங்கள். எதில் ஏறினாலும் செல்போனில் வீடியோ எடுப்பது கெடுதல்.

வெறும் வயிறும் ஆகாது, பணியாரமும் காரச் சட்னியுமாக நிரப்பிய வயிறும் ஆகாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி போதும். குமட்டல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும், அதனால் ஒரு ராட்டினத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் மணி நேரமாவது விடுங்கள்.

பேசிக்கொண்டே வந்த பிள்ளை திடீரென்று மௌனமானால், கொட்டாவி விட்டால், மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தால் அது முதல் அறிகுறி. அப்போது மாத்திரை கொடுத்துப் பயனில்லை, இரைப்பை வேலை நிறுத்தியிருக்கும், மருந்து உள்ளே போகாது. நிழலில் உட்காரவைத்து, சுவரில் தலையைச் சாய்த்து, காற்றுப் படவிடுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து, ஓஆர்எஸ் கரைசலை இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் என்று கொடுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரிலும், சின்னதை 200 மி.லி.யிலும் கரைக்க வேண்டும், எதற்கு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஒரே மடக்கில் டம்ளர் நிறையக் கொடுத்தால் மறுபடியும் வெளியே வந்துவிடும்.

கீழே இறங்கிச் சில மணி நேரம் கழிந்தும் வாந்தி நிற்காவிட்டாலோ, கடுமையான தலைவலி, கழுத்து வலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தாலோ அது ராட்டினக் குமட்டல் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.