டூப்ளோ முதல் டெக்னிக் வரை: பெட்டியில் உள்ள வயதை எப்படிப் படிப்பது?

கட்டுமானப் பொம்மைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதைப் புத்திசாலித்தனத்தின் அளவாக எடுத்துக்கொண்டு, தம் பிள்ளை கெட்டிக்காரன் என்ற நம்பிக்கையில் ஒரு படி மேலாக வாங்கிவிடும் பெற்றோர் பலர். 3 வயது வரை அந்த எண்ணுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. அது தொண்டையைப் பற்றியது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் மூச்சை அடைக்கக்கூடும் என்பதால்தான் சிறு துண்டுகள் அந்த வயதினருக்கு விலக்கப்படுகின்றன.

இந்த வயதினருக்கு என் தேர்வு, லெகோ நிறுவனம் 1969இல் அறிமுகப்படுத்திய பெரிய பிளாஸ்டிக் கட்டைகளான டூப்ளோ. சாதாரண லெகோ கட்டையைப்போல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கானது என்பதால் குழந்தையின் கைக்கு அடங்குகிறது, வாய்க்குள் அடங்குவதில்லை. இரண்டு வயதில் கட்டுவதைவிட இடிப்பதில்தான் குதூகலம் அதிகம். அதற்கேற்ப இக்கட்டைகள் எளிதில் பிரிகின்றன. பிள்ளை வளர்ந்த பின்பும் இவை வீணாவதில்லை: மேற்புறத்தில் எட்டுக் குமிழ்கள் கொண்ட சாதாரண லெகோ கட்டை டூப்ளோவின் மேல் கச்சிதமாகப் பொருந்தும். விலை கூடுதல்தான், ஆயினும் தகும்.

விளிம்புகளில் காந்தம் பதித்த பிளாஸ்டிக் தகடுகளை, வடிவங்களை அறிமுகப்படுத்துவதில் அவை சிறந்தவையாயினும், தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். மலிவான தகட்டின் விளிம்பு பிளந்து காந்தங்கள் வெளிவந்து, அவற்றில் இரண்டைக் குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடக்கூடும். விளிம்புகளை அடிக்கடி சோதித்து, விரிசல் கண்டதும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

ஐந்தாறு வயதில், படத்தைப் பார்த்து ஒரே மாதிரியைக் கட்டி அலமாரியில் வைக்கும் தொகுப்பைவிட, உதிரிக் கட்டைகள் நிறைந்த பெட்டியே மேல். ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தாலே அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம்.

பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற மெக்கானோ வகையில் துளைப் பட்டைகளை நட்டும் போல்ட்டும் கொண்டு முடுக்க வேண்டியிருப்பதால், விரல்களில் வலுவும் மனத்தில் பொறுமையும் வந்த பிறகே, அதாவது எட்டு வயதுக்கு மேல், அது பொருந்தும். பத்து வயதை எட்டியவர்களுக்கு லெகோவின் இயந்திர மாதிரி வகையான டெக்னிக்கில், டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பற்சக்கர அமைப்பு) உள்ள வாகனத்தை வாங்கித் தரலாம். ஒரு பின்சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு டிஃபரென்ஷியலின் வெளிப் பற்சக்கரத்தைச் சுழற்றினால் மற்றச் சக்கரம் இருமடங்கு வேகத்தில் ஓடும். வளைவில் கார் திரும்பும் விதத்தை இதைவிடத் தெளிவாகப் பாடப்புத்தகப் படம் காட்டாது. வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், டெக்னிக்கின் சிறு இணைப்பு முளைகளை மூடி போட்ட பெட்டியில் இட்டு, மேசைமீது மட்டுமே விளையாட விடுவது நல்லது.