கடியபட்டணத்தில் கயாக், குளச்சலில் ரீல் சர்வீஸ்

பஹ்ரைனிலிருந்து பிப்ரவரியில் மூன்று வாரம் லீவில் ஊருக்கு வந்தேன். கடியபட்டணத்தில் இருக்கும் என் பள்ளித் தோழன் போன வருடம் ஒரு கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு) வாங்கியிருந்தான். அதனால் பெட்டியில் தூண்டில் நூல் சுற்றும் ரீல் இரண்டு எடுத்து வைத்தேன். ஒன்று, அங்கே வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, தண்ணீர் புகாமல் ரப்பர் வளையத்தால் சீல் வைத்த, விலை கூடிய ரீல். இன்னொன்று ஏழு வருடமாக என்னோடு இருக்கும் சாதாரண 4000 அளவு அலுமினிய ரீல். உப்புத்தண்ணீரில் எது தாங்கும் என்று இந்த லீவில் தெரிந்துகொண்டதை, ஊருக்குத் தூண்டிலோடு வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கயாக்கை இறக்கினோம். கரைக்காற்று லேசாக வீசியது, கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. தோழனின் அப்பா முந்தின நாள் இரவே பாருக்கு, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைக்கு, கணியம் சொல்லிக் கொடுத்திருந்தார்; கரை அடையாளங்களை வைத்து இடம் பிடிப்பதுதான் கணியம். முட்டம் கலங்கரை விளக்கை எதற்கு நேராக வைக்க வேண்டும், மேற்கே எந்தப் பனை எதற்குப் பின்னால் மறைய வேண்டும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். ஜிபிஎஸ் எங்களிடம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன இடத்தில்தான் பாறை மீன் கடித்தது. நூல் சரசரவென்று ஓட, கயாக்கின் மூக்கு தானாக மீன் போன பக்கம் திரும்பியது. மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தில் ஓட வேண்டும் என்று வைக்கும் பிரேக்தான் டிராக்; கயாக்கில் அதை மிதமாக வைப்பதுதான் நல்லது. 15 கிலோ, 20 கிலோ டிராக் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால், பக்கவாட்டில் இழுக்கும் மீன் நம்மைத்தான் கவிழ்க்கும். நான் மூன்று கிலோவுக்கு மேல் வைப்பதே இல்லை.

மீன் ஏறிவிட்டது. கரையேறும்போதுதான் அலை பின்னால் வந்து கயாக்கைப் புரட்டிப் போட்டது. எங்களுக்கு அடி ஒன்றும் இல்லை, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். தூண்டில் கம்புகளைக் கயிற்றால் கட்டியிருந்ததால் அவையும் போகவில்லை. ஆனால் இரண்டு ரீலும் மணலில் புரண்டு எழுந்தன.

நம்ம ஊர் மணலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலையே இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல். அந்தப் பொடி பல்சக்கரத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்தேன். மூன்றாம் நாள் பழைய ரீல் கொஞ்சம் சத்தத்தோடு சுற்றியது. சீல் வைத்த ரீலின் கைப்பிடியைத் திருப்பினால் அரிசியைக் கடிக்கிற மாதிரி கரகரவென்றது.

முதலில் கம்பெனி சர்வீஸ் மையத்துக்குப் போன் செய்தேன். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் கிடையாது, கூரியரில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம், உதிரிப்பாகம் வர ஒன்றரை மாதம் ஆகலாம் என்றார்கள். மூன்று வார லீவில் வந்தவனுக்கு அது எப்படி உதவும்? அப்புறம் நாகர்கோவிலில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்கிறவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எந்த ரீலைக் காட்டினாலும் 12 பேரிங், 13 பேரிங் என்று எண்ணிக்கையையே சொன்னார். உள்ளே பல்சக்கரம் எந்த உலோகம், தனியாகக் கிடைக்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. "சீல் போட்ட ரீலைத் தொறக்கவே வேண்டாம் சார்" என்றார். என் பையில் இருந்ததும் சீல் போட்ட ரீல்தான்.

தோழன்தான் குளச்சலில் ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனான். வள்ளத்து எஞ்சின் பார்க்கிற அண்ணன் அவர், ரீலும் பார்ப்பார். பலகையில் பழைய வேட்டித் துணியை விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினார். பழைய ரீல் பத்து நிமிடத்தில் பிரிந்தது. கிரீஸ் கறுத்திருந்தது, மணல் கொஞ்சம். பல்சக்கரத்தில் காயம் இல்லை. நூல் உருளும் அந்தச் சின்ன உருளைக்குள் இருந்த பேரிங் மட்டும் துருவேறி நின்றுபோயிருந்தது. "மக்களே, எல்லா ரீலும் மொதல்ல இங்கதான் சாவும்" என்றார். ஈர நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் உப்பைக் கொண்டுவந்து ஊட்டுகிற இடம் அதுதானே. உருளை சுற்றாவிட்டால் நூல் அதில் உரசி உரசி அறுந்துபோகும். பெரிய மீன் போன பிறகு நூலைக் குறை சொல்வோம்.

சீல் வைத்ததுதான் படாத பாடு படுத்தியது. உடம்பு அலுமினியம், திருகாணி துருப்பிடிக்காத எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் இறங்கினால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகித் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு திருகாணி அசையவே இல்லை. அண்ணன் அவசரப்படவில்லை. சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகாணித் தலையில் வைத்துச் சூடேற்றினார், ஆறவிட்டார், மறுபடி சூடேற்றினார். மூன்றாம் தடவை லேசாக 'டிக்' என்றது. மூடியைத் திறந்ததும் துணியில் ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது. கடலில் விழுந்து ஆறு நாள் ஆகியும் அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது! அச்சுத்தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்து கீறியிருந்தது. அந்தக் கீறல் வழியாகப் போன தண்ணீர் திரும்ப வெளியே வர வழியில்லை. திறந்த உடம்பு ரீலில் போன தண்ணீர் ஒழுகிக் காய்ந்துவிடும். சீல் வைத்ததில் அது குடியிருக்கும்.

சீல் வீண் என்று நான் சொல்லவில்லை. கயாக்கில் ரீல் தண்ணீருக்கு ஒரு முழத்துக்குள் இருக்கிறது, தெறிப்பு ஓயாது, அதற்குச் சீல் நல்ல காவல். ஆனால் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று ரீலுக்குப் போடும் ஐபிஎக்ஸ் எண்களின் அர்த்தம் தெரிய வேண்டும். பென் ஸ்பின்ஃபிஷர் 6 ரீலுக்கு ஐபிஎக்ஸ்5, ஸ்லாமர் 3 ரீலுக்கு ஐபிஎக்ஸ்6 என்று போட்டிருக்கும். 5 என்றால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும், 6 என்றால் இன்னும் வேகமாகப் பீய்ச்சினாலும் தாங்கும். தண்ணீரில் மூழ்குவதற்கான எண் 7இல்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இந்தச் சோதனைகள் எல்லாமே நல்ல தண்ணீரில் செய்பவை. உப்பும் மணலும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதனால் இப்போது ரீல் வாங்க என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் முதலில் கேட்பது, உங்கள் ஊரில் இதைத் திறக்க ஆள் உண்டா என்பதுதான். உருளை பேரிங்கும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்க வேண்டும், மூடி சாதாரணத் திருகாணியில் கழன்று வர வேண்டும். அது உறுதியான பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம். கயாக்குக்கு 4000 அல்லது 5000 அளவு போதும். நம்ம பக்கத்து மீன்களான பாறை, சீலா, சின்ன நெய்மீன் எல்லாவற்றுக்கும் அது தாராளம். கிராஃபைட் உடம்பு துருப்பிடிக்காது, ஆனால் பாரம் வந்தால் நெளியும். அலுமினியம் நெளியாது, பெயின்ட் உரிந்த இடத்தைக் கவனித்துக்கொண்டால் போதும். கைப்பிடி நேராகத் திருகி உள்ளே போகிற மாதிரி இருந்தால் ஆட்டம் இருக்காது. டிராக் தட்டு கார்பனாக இருக்கட்டும். பதிமூன்று மலிவான பேரிங்கைவிட ஐந்து நல்ல பேரிங் மேல்.

கழுவுவதிலும் நான் இத்தனை நாள் தப்பு செய்திருக்கிறேன். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளியில் ஊற்றுகிற மாதிரி மெல்ல ஊற்ற வேண்டும். துடைத்துக் காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்திவிட்டு, உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். புது ரீலாக இருந்தால் முதல் நாளே ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, மரையில் கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், அந்த வெள்ளைப் பொடி வராது.

லீவைத் திட்டமிடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். நம்ம மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்கடலில் கயாக் இறக்கவே கூடாது. பட்டறையிலும் அப்போது எஞ்சின் வேலை குவிந்து கிடக்குமாம், ரீலைப் பார்க்க நேரம் இருக்காது என்று அண்ணனே சொன்னார்.

இரண்டு ரீலுக்கும் சேர்த்து 900 ரூபாய் வாங்கினார். துருப்பிடித்த பேரிங்கைத் தூக்கிப் போடாமல், வெர்னியரில் அளந்து அளவைச் சிகரெட் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். அடுத்த முறை வரும்போது அந்த அளவில் பத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், கரையில் இன்னும் நாலைந்து பேர் ரீலுக்கு அதே பேரிங்தானாம். சீல் வைத்த ரீலைத் தோழனிடம் விட்டுவிட்டேன், புது ரப்பர் வளையம் போட்ட பிறகு மணக்குடிக் காயலில் கொடுவாய் மீனுக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்றான். பழையது என்னோடு பஹ்ரைனுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இங்கே கடலில் உப்பு நம்ம ஊரைவிடக் கூடுதல், லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் இருக்கும். நேற்று இரவு உருளையில் எண்ணெய் விட்டு வைத்தேன். பேரிங்குக்கும் ஆர்டர் போட்டாயிற்று.