துளையும் காடியும் உள்ள பிரேக் டிஸ்க்: 46,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் காரின் முன்சக்கர டிஸ்க்குகள் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகள்) அவற்றின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கியபோது, அதே அளவுள்ள, துளைகளும் காடிகளும் (முகப்பில் வெட்டிய நீண்ட பள்ளங்கள்) கொண்ட ஜோடி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட்டுகளும் பிரேக் ஆயிலும் அன்றே மாற்றப்பட்டன. மூன்று ஆண்டுகளில் 46,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு என் முடிவு இது: காடிகளால் பயன் உண்டு; அன்றாடம் ஓட்டும் காருக்குத் துளைகள் தேவையில்லை.

முதல் வாரத்தில் பெடல் உறுதியாக இருந்ததைக் கண்டு அதை டிஸ்க்கின் சிறப்பென்றே நம்பினேன். உண்மையில் அதில் பெரும்பங்கு பிரேக் ஆயிலுடையது. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தொய்ந்துவிடும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்குக் கூட இறங்கிவிடும். உலர்ந்த சாலையில் கார் நிற்கும் தூரம் குறைந்ததாகவும் சொல்ல மாட்டேன். பழைய டிஸ்க்கிலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு அழுத்த முடிந்ததென்றால், அதற்கு மேல் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்புதான்.

பொருத்தும் வேலையில் நான் செய்த ஒரு தவறை விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் மையப் பகுதியான ஹப்பில், இடப்பக்க முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துத் துடைத்தேன். வலப்பக்கத்தில் இருட்டிவிட்டதால் போல்ட்டுகளைச் சுற்றிப் படிந்திருந்த துருவை அப்படியே விட்டுவிட்டேன். சுமார் 5,000 கிலோமீட்டரில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் பலரும் சொன்னார்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தபோது அதன் பக்கவாட்டு ஆட்டம் 0.11 மில்லிமீட்டர் காட்டியது. பல கார்களுக்கு 0.05 அளவே வரம்பு. துருத்தூள் ஒரு பக்கம் தூக்கிப் பிடித்ததால் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டில் உரசி, தடிமன் சீரற்றுப் போகத் தொடங்கியிருந்தது. ஹப்பைச் சுத்தம் செய்து மாட்டியதும் ஆட்டம் 0.03 ஆயிற்று, நடுக்கம் முழுவதும் மறைய மேலும் சில நூறு கிலோமீட்டர் பிடித்தது.

டிஸ்க்கின் உள்ளே காற்றுக்கான தடுப்புகள் வளைந்திருந்தால் இடம் வலம் மாறக் கூடாது. டிஸ்க்கின் மேற்பகுதியில் பார்க்கும்போது அவை மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் போகையில் காரின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் உறிஞ்சப்படும் காற்று வெளியே தள்ளப்படும். காடிகளின் சாய்வை மட்டும் பார்த்து மாட்டுவோர் இதில் ஏமாறுகிறார்கள். துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தபின், ஆளில்லாத சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை பத்து முறை, முழுவதும் நிறுத்தாமல், பிரேக் பிடித்துப் பேட்டைப் பதப்படுத்தினேன். பிறகு பெடலைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன்.

மழையில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. நனைந்த சாலையில் நெடுநேரம் பிரேக்கைத் தொடாமல் சென்று திடீரென்று அழுத்தினால், முன்பு ஒரு கணம் பிடிப்பு வராதது போல் இருக்கும். இப்போது காடிகள் நீர்ப்படலத்தை வழித்துவிடுவதால் உடனே பிடிக்கிறது. அதே காடிகள் பேட்டின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதிதாக வைத்திருக்கின்றன. அதற்கு விலையும் உண்டு: முன்பு 40,000 கிலோமீட்டர் வந்த அதே ரகப் பேட்டுகள் இம்முறை 31,000-இல் தீர்ந்தன, வேகத்தில் அழுத்தும்போது மெல்லிய உறுமலும் கேட்கிறது. எனக்கு அது பழகிவிட்டது. உடன் வருவோர் கேட்காமல் இருப்பதில்லை.

துளைகள் அக்காலப் பேட்டுகள் சூட்டில் வெளிவிட்ட வாயு வெளியேறுவதற்காக வந்தவை. இன்றைய பேட்டுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. என் டிஸ்க்குகளில் பல துளைகளைப் பிரேக் தூள் கெட்டியாக அடைத்துக்கொண்டது. சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் மெல்லிய மரக்குச்சியால் குத்தி எடுத்தேன். 40,000 கிலோமீட்டர் சோதனையில், இடப்பக்க டிஸ்க்கின் இரண்டு துளைகளின் ஓரத்தில் முடி போன்ற கோடுகளைக் கண்டேன். நகத்தால் வருடியபோது நகம் சிக்கியது. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு மீண்டும் மீண்டும் சூடேறி ஆறும்போது அழுத்தம் துளையின் விளிம்பில்தான் குவிகிறது. விரிசல் அடுத்த துளையையோ டிஸ்க்கின் வெளிவிளிம்பையோ எட்டினால் அந்த டிஸ்க்கை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

இப்போது 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி அந்த இரண்டு கோடுகளை அளக்கிறேன், இதுவரை நீளவில்லை. அடுத்த பேட் மாற்றத்தின்போது இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்துவிட்டு, காடி மட்டும் வெட்டிய ஜோடியைப் பொருத்தப் போகிறேன்.