ஜுப்பிற்றர்-8, கனன் 50, இண்டஸ்ரார்-61: யாழ்ப்பாண ஈரத்துக்கு எது?

றேஞ்ச்பைண்டர் கமராவுக்கு (வியூபைண்டருக்குள் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாக்கித் தூரம் பிடிக்கும் கமரா) பழைய லென்ஸ் தேடிப் புறப்படுகிறவர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் 39 மில்லிமீற்றர் திருகு லென்ஸ்களில்தான். லைக்கா கொண்டுவந்த அந்தத் திருகை ஜப்பான்காரரும் சோவியத் தொழிற்சாலைகளும் அப்படியே எடுத்துக்கொண்டதால், இன்றைக்கும் மலிவாகக் கிடைப்பவை அவைதான். 50 மில்லிமீற்றர் அளவில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும்: சோவியத் ஜுப்பிற்றர்-8, 1950களின் கனன் 50 எஃப் 1.8, இண்டஸ்ரார்-61 எல்/டி. (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்புப் பெரிது, வெளிச்சம் கூட.) என் தெரிவு ஜுப்பிற்றர்-8. படத்தின் அழகுக்காக அல்ல, வீட்டு மேசையில் வைத்துக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டலாம் என்பதற்காக. கடல்நீரேரி சூழ்ந்த ஊரில் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

மூன்றுக்கும் பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். சோவியத் சோர்க்கி, ஃபெட், பழைய கனன் போன்ற திருகுக் கமராக்களில் இவை நேரடியாகவே பூட்டும். லைக்கா எம் வகைப் பூட்டுள்ள கமரா என்றால் அடப்டர் வளையம் வேண்டும். திருகுக் கமராவில் லென்ஸின் இருக்கையிலிருந்து பிலிம் வரை 28.8 மில்லிமீற்றர், எம் கமராவில் 27.8. வித்தியாசம் சரியாக 1 மில்லிமீற்றர், அதுவே வளையத்தின் தடிப்பு. மலிவு வளையம் வாங்கினால் நுண்மானித் திருகுக் கணிச்சியால் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். தடிப்புக் கூடினால் தூரத்துக் காட்சி தெளியாது. ஒரு பக்கம் மட்டும் கூடினால் படத்தின் ஒரு ஓரம் மங்கும். வளையங்களில் 28/90, 35/135, 50/75 என மூன்று வகை உண்டு. 50க்கு 50/75ஐத்தான் கேட்டு வாங்க வேண்டும். மற்றதைப் பூட்டினாலும் படம் விழும், ஆனால் வியூபைண்டரில் பிழையான சட்டம் தெரியும்.

ஒரு கண்ணி இருக்கிறது. செனித் எஸ்எல்ஆர் (லென்ஸுக்குள்ளாலேயே காட்சியைப் பார்க்கும்) கமராவின் முதற்கால லென்ஸ்களும் 39 மில்லிமீற்றர் திருகுதான். ஆனால் அவற்றின் இருக்கைத் தூரம் 45.2 மில்லிமீற்றர். பூட்டினால் அழகாக இறுகும், ஆனால் எந்தத் தூரத்திலும் எதுவும் தெளியாது. இண்டஸ்ரார்-50 என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் வந்திருக்கின்றன, தட்டையாகக் குட்டையாக இருப்பது செனித்துக்கு உரியது. லென்ஸின் பின்பக்கத்தில் றேஞ்ச்பைண்டர் நெம்பைத் தள்ளும் வளையம் இருக்கிறதா என்று படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எம்42, நிக்கோன் போன்ற எஸ்எல்ஆர் லென்ஸ்களை நீள அடப்டரில் பூட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். அந்த அடப்டருக்கும் றேஞ்ச்பைண்டருக்கும் தொடர்பே இல்லை. லென்ஸை எவ்வளவு திருப்பினாலும் கமராவுக்குத் தெரியாது. திரையில் பார்த்து போக்கஸ் பண்ணும் டிஜிற்றல் கமராவில் சரி, பிலிமில் தூரத்தைக் கண்ணால் மட்டுக்கட்டத்தான் வேண்டும். 28 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 8இல் 3.3 மீற்றருக்கு வைத்துவிட்டால் ஏறக்குறைய 1.7 மீற்றரிலிருந்து தொடுவானம் வரை தெளியும். தெருப் படத்துக்கு அது போதும். 50க்கு இந்த வழி வேண்டாம்.

இனி மூன்றுக்கும் இடையில். வெளிச்சம் குறைந்த இடத்தில் இண்டஸ்ரார் ஒரு ஸ்ரொப் (அதாவது பாதி வெளிச்சம்) பின்னால் நிற்கும், அதன் முழுத்திறப்பு எஃப் 2.8. நல்லூர்த் திருவிழா மாலையில் வீதி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 பிலிமோடு நின்றால் அந்த ஒரு ஸ்ரொப்பின் அருமை தெரியும். பகலில் எஃப் 5.6க்கு மூடினால் மூன்றையும் பிரித்துச் சொல்வது கடினம். கனன் முழுத்திறப்பிலேயே மற்ற இரண்டையும்விடச் சீரானது, கட்டுமானமும் திறம். ஜுப்பிற்றர் எஃப் 2இல் நடுவில் கூர்மை, ஓரத்தில் மென்மை. எதிர்வெயிலுக்கு இளகிவிடும், 40.5 மில்லிமீற்றர் ஹூட் கட்டாயம். கனனின் முன்திருகு 40 மில்லிமீற்றர், அதற்குப் பில்ரர் தேடி அலைய வேண்டும். இண்டஸ்ரார் எஃப் 5.6, 8 பக்கம் மூடும்போது திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அதன் ஆறு திரைத் தகடுகளும் நட்சத்திர வடிவத் துளையை உண்டாக்கும். பின்னால் மின்குமிழ்கள் இருந்தால் அவையும் நட்சத்திரமாக விழும். விரும்புகிறவர்கள் உண்டு, எனக்கு அது உறுத்தும்.

இவையெல்லாம் இரண்டாம் பட்சம். தீர்மானிப்பது பூஞ்சணம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை குடாநாட்டில் அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலையே மணக்கும். அதே அலுமாரியில் தோல் உறைக்குள் இருக்கும் லென்ஸ் தப்பாது. காற்றின் ஈரம் 60 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். மாரி இரவுகளில் இங்கே அதைவிட எவ்வளவோ அதிகம். எனவே எந்தப் பழைய லென்ஸையும் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது திறக்க வேண்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி, எது இலேசாகத் திறக்கும், திறந்த பின் எது பழைய நிலைக்கு வரும் என்பதே.

கனனில் சிக்கல் பூஞ்சணம் மட்டுமல்ல. திரைத் தகடுகளுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் பால்போன்ற ஒரு புகார் படியும். இந்த லென்ஸுக்கே உரிய, எல்லோரும் அறிந்த நோய் அது. புதிதாகப் படிந்ததென்றால் துடைக்கப் போய்விடும். நாட்பட்டது கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். அப்படி அரித்ததைத் திறந்து துடைத்தாலும் மங்கல் அப்படியே இருக்கும். வாங்கும்போது விலையும் மூன்றில் இதற்கே கூட. அதிக காசு கொடுத்து, திருத்த முடியாத குறை வரக்கூடிய ஒன்றை இந்த ஈரத்துக்குள் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுத்தமான பிரதியை நேரில் ரோச் அடித்துப் பார்த்து வாங்க முடிந்தால் அது வேறு கதை.

ஜுப்பிற்றர்-8 ஜேர்மன் சைஸ் நிறுவனத்தின் சொனார் லென்ஸ் வழி வந்தது. ஆறு கண்ணாடி, ஆனால் மூன்றே கூட்டம்: முன்னால் ஒன்று, அடுத்து ஒட்டிய மூன்று, திரைத் தகடுகள், பின்னால் ஒட்டிய இரண்டு. காற்றுப் படும் முகங்கள் ஆறுதான். கனனில் எட்டு. பூஞ்சணம் முதலில் பிடிப்பது பெரும்பாலும் தகடுகளுக்கு இருபுறமும் உள்ள முகங்களில். ஜுப்பிற்றரில் பின்கூட்டத்தைக் கழற்றியவுடன் அந்த இரண்டையும் எட்டலாம்.

கழற்றும் முறை இது. லென்ஸை 1 மீற்றருக்குத் திருப்பி வையுங்கள். போக்கஸ் வளையத்தை ஒரு கையால் பிடித்து, முன்பகுதியை மறுகையில் இறப்பர் துண்டால் சுற்றி இடஞ்சுழியாகத் திருப்பினால் கண்ணாடிக் கூடு முழுதாகக் கழன்று வரும். சின்னப் பூட்டுத் திருகு ஏதும் இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பாருங்கள். இருப்பதைப் பார்க்காமல் முறுக்கினால் மென்மையான அலுமினிய மரை உரிந்துவிடும். கூட்டுக்கும் உடலுக்கும் இடையில் மெல்லிய உலோக வளையம் ஒன்று இருக்கும், சிலவேளை இரண்டு. அதைத் தொலைத்தால் போக்கஸே தொலைந்தது. உடனே ஒரு சிமிழில் போட்டு மூடுங்கள். பிறகு கூட்டின் பின்கூட்டத்தை விரலால் திருப்பினாலே கழன்றுவிடும். இறுகியிருந்தால் மரையில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் அல்ககோல் விட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள்.

பூஞ்சணத்துக்குப் பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு போதும். பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, முகத்தில் ஒரு நிமிடம் ஈரமாக வைத்துவிட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்க வேண்டும். அதன்பின் அல்ககோல் தொட்ட லென்ஸ் தாளால் ஒருமுறை. கண்ணாடியைத் திரவத்தில் ஊறப்போடவே கூடாது. ஒட்டிய கண்ணாடிகளுக்கிடையில் உள்ள பிசினுக்குள் அல்ககோல் ஊர்ந்தால் ஓரத்தில் வானவில் நிறம் எழும், பிறகு வழியில்லை. ஒட்டுக்குள்ளேயே பூஞ்சணம் போயிருந்தால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான். தகடுகளைத் தொடாதீர்கள். அவற்றில் எண்ணெய் மினுங்கினால் அது போக்கஸ் மரையிலிருந்து இளகி வந்த கிறீஸ். மரைக்குப் புதுக் கிறீஸ் போடும்போது வெப்பத்துக்கு இளகாத லிதியம் கிறீஸை நெருப்புக்குச்சி நுனியளவு மட்டும் பூசுங்கள். வாசலின் போட்டால் சித்திரை வெயிலில் உருகித் தகடுகளுக்கே போகும். போக்கஸ் மரையைக் கழற்றுவதானால், அது விடுபடும் இடத்தை இரண்டு பாகத்திலும் ஊசியால் கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். இது பல இடத்தில் ஏறக்கூடிய பலவாய் மரை, பிழையான வாயில் ஏறினால் தூர எண்கள் எல்லாம் பிழைக்கும்.

இந்தத் தெரிவுக்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். லைக்கா றேஞ்ச்பைண்டர் 51.6 மில்லிமீற்றர் குவியத்தூரத்தைக் கணக்கில் வைத்தது. ஜுப்பிற்றரின் மூலமான சொனார் 52.4 மில்லிமீற்றர். தூரத்தில் இது தெரியாது. 1 மீற்றரில் லென்ஸ் வெளியே வரவேண்டிய அளவில் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் குறையும், தெளிவு 3 சென்ரிமீற்றர் பின்னால் போகும். எஃப் 2இல் கண்ணுக்குப் பிடித்தால் கூர்மை காதுப் பக்கம் சாயும். எஃப் 4க்கு மேல் மூடினால் ஆழம் அதை மறைத்துவிடும். சோர்க்கி, ஃபெட் கமராக்களில் இந்தச் சிக்கல் இல்லை, அவை இந்த லென்ஸோடு பிறந்தவை. கனன் லென்ஸ் லைக்கா அளவுக்கே செய்யப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் அது தெளிவாக முந்துகிறது.

திருத்தம் கடினமல்ல. குளிர்பான அலுமினியக் கானின் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. அதிலிருந்து, ஏற்கெனவே உள்ள வளையத்தின் அளவுக்கு ஒரு வளையம் வெட்டி, பிசிறை மெல்லிய அரத்தாளில் தேய்த்து, இரண்டையும் சேர்த்து உள்ளே போட்டுக் கூட்டைத் திரும்பப் பூட்டுங்கள். எஃப் எண்கள் கொஞ்சம் பக்கமாகத் திரும்பி நிற்கும், வேலைக்குப் பாதகமில்லை. கடதாசி வளையம் வேண்டாம், ஈரத்தில் ஊதும். ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு மாதிரி என்பதால் 0.1ஐத் தொடக்கமாக வைத்துச் சோதியுங்கள். 1 மீற்றரில் அடிமட்டத்தைச் சாய்வாக வைத்து, எஃப் 2இல் 15 சென்ரிமீற்றர்க் கோட்டுக்குப் பிடியுங்கள். பிலிம் கமராவில் பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் உள்தண்டவாளங்களின்மேல் மங்கல் ரேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை பியில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்து நிற்கும் நிலை) திறந்து வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால் அந்தக் கோடு அங்கேயே தெரியும். கூர்மை இன்னும் பின்னால் விழுந்தால் சமையல் அலுமினியத் தாளில் ஒரு சுற்றுச் சேர்க்கலாம், முன்னால் வந்தால் மெல்லிய வளையமாக மாற்றவேண்டும். இப்படிச் சரிசெய்த லென்ஸ் முழுத்திறப்பில் தொடுவானத்தைச் சற்று இழக்கும். கோபுரத்தைத் தூரத்திலிருந்து எடுக்கும்போது எஃப் 5.6க்கு மூடினால் சரிவரும். ஆளைக் கிட்ட நின்று எடுக்கவே எஃப் 2 தேவைப்படும் என்பதால் இந்தப் பக்கம் சாய்த்து வைப்பதே எனக்குச் சரி.

இண்டஸ்ராரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். ரெசார் அமைப்பு (மூன்று கூட்டத்தில் நாலு கண்ணாடி), இதிலும் காற்று முகங்கள் ஆறு, மூன்றிலும் விலை குறைவு. கழற்றப் பள்ளம் வெட்டிய வளையங்களுக்குரிய இரட்டை முனைச் சாவி வேண்டும். குறட்டால் முயன்றால் முனை வழுக்கிக் கண்ணாடியைக் கீறும். பழைய கிறீஸ் இறுகிப் போக்கஸ் வளையம் அசையாமல் வருவது இதில் சாதாரணம். நீண்டகாலப் பராமரிப்பில் இதனோடு எனக்குப் பழக்கம் குறைவு. முதல் லென்ஸாக, பகல் வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் குறை சொல்ல மாட்டேன். திரும்ப விற்கும்போது கனன்தான் விலை நிற்கும், ஆனால் உள்ளே புகார் ஏறிய கனனை எவரும் அந்த விலைக்கு வாங்குவதில்லை.

எதை வாங்கினாலும் மாரிக்கு முன் இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் 50 முதல் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடும் சின்ன ஈரமானியோடும் வையுங்கள். ஈரமானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்பது நல்லது. 60ஐத் தாண்டினால் ஜெல்லை 110 பாகை அவணில் இரண்டு மணித்தியாலம் காயவைத்து, ஆறியபின் போடுங்கள். அரிசி வேண்டாம், மாத்தூசி கண்ணாடியில் படியும். தோல் உறையைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். துணித்திரை ஷட்டருள்ள கமராவில் லென்ஸை மூடியில்லாமல் வெயிலைப் பார்க்க வைக்கவும் கூடாது, நம் மதிய வெயில் துணியில் ஊசித்துளை போட்டுவிடும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பதானால், முழுத்திறப்பில் வைத்துப் பின்னாலிருந்து ரோச் அடித்த படமொன்றை விற்பவரிடம் கேளுங்கள். நூல் நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சணம், துடைக்கலாம். சீரான பால் நிறம் என்றால் புகார், ஜுப்பிற்றரில் பெரும்பாலும் போகும், கனனில் சந்தேகம். ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது, வேறு பிரதி பாருங்கள். பொதி வந்த அன்றே கண்ணாடிக் கூட்டைக் கழற்றி, உள்ளே உள்ள வளையங்களின் எண்ணிக்கையையும் தடிப்பையும் எழுதி, அந்தத் துண்டை லென்ஸ் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.